ஏழு வயது மகளைப் பள்ளியில் இருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? எல்லையோரம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி தமிழ் பாதி மலையாளம், மகள் படிப்பது இங்கிலீஷ் மீடியம். ஏழு வயது முடிந்துவிட்டது, இரண்டாம் வகுப்பு. ஓணம் லீவு முடிந்ததில் இருந்து காலையில் வேன் ஹாரன் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டரிடம் இரண்டு தடவை காட்டியாயிற்று, வயிற்றில் ஒன்றும் இல்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை.

பிள்ளை மந்தம் என்று ஸ்கூலில் சொல்கிறார்கள். எனக்கு அது மனசு ஒப்பவில்லை. தினமும் காலையில் தாத்தாவோடு பால் சொசைட்டிக்குப் போவாள். மெஷினில் கொழுப்பு எவ்வளவு காட்டுகிறது என்று எட்டிப் பார்ப்பாள். போன வாரம் ஒருநாள், "நேத்து 4.1 இருந்துச்சு, இன்னைக்கு 3.8, மூணு புள்ளி குறைஞ்சிருச்சு தாத்தா, பருத்திக்கொட்டை வைக்கலையா?" என்று கேட்டாளாம். மாமனார் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அதே பிள்ளை அதே வாரம் ஸ்கூல் பேப்பரில் 41இல் இருந்து 38ஐக் கழி என்ற கணக்குக்கு 17 என்று எழுதி, சிவப்பு மையில் பெருக்கல் குறியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பத்துக்கு மூன்று மார்க்.

அதில் இருந்துதான் இந்த யோசனை. நான் பி.காம். படித்திருக்கிறேன், வீட்டில் இருந்தே ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன், தினமும் மூன்று மணி நேர வேலை. வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு அடிக்கிறார். அவருக்கு முழுச் சம்மதமும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் அத்தைதான், "பொண்ணை வீட்டுல பூட்டி வைக்கப் போறியா?" என்று தினமும் கேட்கிறார்.

என் சந்தேகங்கள் இவைதான். இப்படி நிறுத்துவது சட்டப்படி குற்றமா, யாராவது வந்து கேட்பார்களா? பத்தாவது சர்டிபிகேட்டுக்கு என்ன செய்வது? பி.எட். படிக்காத நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? கொரோனா சமயத்தில் ஊர்ப் பிள்ளைகள் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது போலத்தான் இருக்கும் என்றால் எனக்கு வேண்டவே வேண்டாம், அதைப் பார்த்ததே போதும். அப்புறம் பாஷை. எந்த பாஷையில் படிக்க வைப்பது என்பதே எனக்குப் பெரிய குழப்பம்.

செய்து பார்த்தவர்கள் எழுதினால் நல்லது.

நகரி தறிக்காரர்:

தங்கச்சி, நாங்கள் இந்தப் பக்கம், ஆந்திரா, சித்தூர் மாவட்டம் நகரி. உங்கள் பாலக்காட்டிலும் ஒரு சித்தூர் உண்டு, அது வேறு இது வேறு. வீட்டில் நாலு விசைத்தறி ஓடுகிறது. என் பையனுக்கு இப்போது 15. ஏழு வயதில் நிறுத்தினோம், எட்டு வருஷம் ஆகிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. அதில் 10ஆம் பிரிவு, பிள்ளையை அக்கம்பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் ஜெயில் என்று பயமுறுத்துவார்கள். ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அபராதமோ தண்டனையோ அந்தச் சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை. அதற்காக, வீட்டுக்கல்விக்குத் தனி அனுமதி, பதிவு, லைசென்ஸ் என்று எதுவும் இருப்பதாகவும் நினைக்காதீர்கள். சட்டம் அதைத் தடுத்துப் பேசவும் இல்லை, ஏற்றுக்கொண்டு பேசவும் இல்லை, நாம் அந்த இடைவெளியில் நிற்கிறோம். இதைத் தெரிந்தே இறங்க வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, டீச்சர் போட்டு, பீஸ் வாங்கி நடத்தலாம் என்று யாராவது உங்களை அழைப்பார்கள். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவில் ஒரு லட்சம் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளுக்குப் பத்தாயிரம் வரை. உங்கள் பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துப் படிக்க வைப்பது வேறு, அடுத்தவர் பிள்ளைகளைக் கூட்டிப் பள்ளி போல நடத்துவது வேறு.

சர்டிபிகேட் பற்றிப் பயமே வேண்டாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், எல்லோரும் என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள், 1989இல் தொடங்கியது, மத்திய அரசின் கீழ் வருவது. 14 வயது நிறைந்தால் பத்தாவதுக்குச் சேரலாம். எட்டாவது பாஸ் சர்டிபிகேட் இல்லாவிட்டாலும், இந்தப் படிப்பைப் படிக்கிற அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று நாமே உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். ஐந்து பாடம் எழுத வேண்டும். வருஷத்தில் இரண்டு தடவை தேர்வு, ஏப்ரல் மே ஒன்று, அக்டோபர் நவம்பர் ஒன்று. ஒரு தடவை சேர்ந்தால் ஐந்து வருஷம் வரை செல்லும், எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. தமிழிலும் எழுதலாம், மலையாளத்திலும் எழுதலாம், எங்கள் பக்கத்துக்குத் தெலுங்கும் உண்டு. என் பையன் தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், ஓவியம் எடுத்திருக்கிறான். ஓவியம் ஒரு பாடமா என்று என் மச்சான் சிரித்தார். அதற்கும் மார்க்தான், அவனுக்குப் பிடித்ததும் அதுதான்.

இனி நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். ஸ்கூலை விட்டு நிறுத்திய அடுத்த திங்கட்கிழமையே முன் அறையில் வெள்ளைப் பலகை மாட்டினேன், டைம்டேபிள் ஒட்டினேன், ஒன்பது மணிக்கு உட்கார் என்றேன், நாற்பது நிமிஷத்துக்கு ஒரு பாடம். மூன்று மாதம் வீட்டில் அழுகையும் சத்தமும்தான். ஸ்கூலில் ஒரு பாடத்துக்கு நாற்பது நிமிஷம் ஏன் என்றால் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே பிள்ளைக்கு ஒரே ஆள் என்றால் அதே பாடம் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஏழு வயதுக்குக் காலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து படித்தால் தாராளம். இப்போது பதினைந்து வயதில் மூன்று மணி நேரம் தானாக உட்காருகிறான்.

மீதி நேரம் என்ன செய்வான் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் தறி இருந்தது. பத்து வயதில் ஒருநாள் பாவு, அதாவது நீளவாக்கு நூல், பூட்டும்போது, அங்குலத்துக்கு 60 இழை, அகலம் 50 அங்குலம், மொத்தம் எத்தனை இழை இருக்கும் என்று தறி ஓட்டும் அண்ணனிடம் தெலுங்கில் கேட்டு, தானே பெருக்கி மூவாயிரம் என்றான். அப்புறம் ஒரு இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் இறங்கி இரண்டு நாள் தறியை விட்டு வரவில்லை. நான் அன்றைக்குப் புத்தகத்தை எடுக்கவே இல்லை. ஆனால் சும்மா விட்டுவிட்டால் எல்லாம் தானாக வரும் என்றும் சொல்ல மாட்டேன். பின்னத்தில் அவன் இரண்டு வருஷம் சறுக்கினான், உட்கார்ந்து தினமும் செய்ய வைத்துத்தான் வந்தது.

பாஷைக்கு நாங்கள் செய்தது: படிக்க எழுதத் தமிழ் முதலில், அது பாட்டியின் பொறுப்பு. பேச்சுத் தெலுங்கு தறிக்கூடத்திலேயே வந்துவிட்டது, எழுத்து பத்து வயதுக்கு மேல் கற்றுக்கொண்டான். இங்கிலீஷ் நடுவில். எங்கள் தெருவில் ஸ்கூலுக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேருக்குத் தமிழில் தன் பெயரைத் தவிர எழுத வராது, அதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

ஒரு நோட்டு போடுங்கள். தினமும் இரண்டு வரி, இன்றைக்கு என்ன செய்தாள் என்று தேதியோடு. இதை மட்டும் விடாதீர்கள்.

சித்தூர் தாலுகா மாஷ்:

நானும் உங்கள் பக்கம்தான், பாலக்காட்டு சித்தூர். தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூலில், அதாவது தொடக்கப் பள்ளியில், முப்பத்தோரு வருஷம் மாஷாக, நம் பாஷையில் வாத்தியாராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்கல்விக்கு எதிராக எழுத வரவில்லை. ஆனால் அம்மா எழுதியதில் இரண்டு விஷயம் என் கண்ணில் பட்டது, அதை யாரும் தொடவில்லை.

ஒன்று, அந்த 17. அது கண்ணை மூடிக்கொண்டு எழுதிய விடை இல்லை. ஒன்றின் இடத்தில் 1இல் இருந்து 8 போகாது, அதனால் 8இல் இருந்து 1ஐ எடுத்து 7 போட்டிருக்கிறாள். பத்தின் இடத்தில் 4இல் 3 போக 1. சேர்த்தால் 17. சின்ன எண்ணைப் பெரிய எண்ணில் இருந்துதான் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்ன விதியை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். என் வகுப்பில் வருஷாவருஷம் ஆறேழு பிள்ளைகள் இதே தப்பைச் செய்வார்கள். யோசிக்கத் தெரிந்த பிள்ளைதான் இப்படித் தப்பு செய்யும். தீக்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். நாலு கட்டு, ஒரு தனிக்குச்சி. அதில் இருந்து 38 குச்சி கொடு என்று கேளுங்கள். மூன்று கட்டு கொடுத்துவிட்டு எட்டுக் குச்சிக்கு முழிப்பாள், அப்புறம் தானே மிச்சக் கட்டை அவிழ்ப்பாள். நீங்கள் வாயே திறக்காதீர்கள், அவிழ்க்கும் வரை பொறுமையாக இருங்கள். ஒரு வாரம் குச்சியிலேயே விளையாடட்டும், பிறகு பேப்பர். இதற்குப் பி.எட். தேவையில்லை.

இரண்டு, வேன் ஹாரன் கேட்டதும் வயிறு வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கூல் பெயரைச் சொன்னதும் என்று எழுதவில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் எதைக் கண்டு பயப்படுகிறார்களோ அதன் பக்கத்தில் நிற்கும்போதுதான் வலி வரும். வேனில் என்ன நடக்கிறது என்று விசாரித்தீர்களா? ஏன் ஸ்கூல் பிடிக்கவில்லை என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் பதில் சொல்லாது. வேனில் யார் பக்கத்தில் உட்காருவாய், யார் முதலில் இறங்குவார்கள் என்று சோறு ஊட்டும்போது சாதாரணமாகக் கேளுங்கள்.

அதோடு கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். என் ஸ்கூலில் ஒரு பையன் போர்டைப் பார்த்து எழுதும்போது எழுத்தெல்லாம் விட்டுவிட்டு எழுதுவான், சோம்பேறி என்று அவன் வீட்டிலும் அடி, எங்கள் வாயிலும் திட்டு. ஸ்கூலுக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள், இடது கண்ணில் நல்ல பவர். கண்ணாடி போட்ட மறுநாள் அவன் ஜன்னல் வழியே தென்னை ஓலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், ஓலை தனித்தனிக் கீற்றாக இருப்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றும் அந்தப் பையனை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் தொடர்ந்து தடுமாற்றம் இருந்தால் அதற்கும் தனியாகக் காட்ட வேண்டும், அது மந்தம் இல்லை, வேறு வகைப் பயிற்சி வேண்டிய விஷயம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஸ்கூல் என்பது பாடம் மட்டும் இல்லை. மத்தியானச் சாப்பாடு, கண் பரிசோதனை, ரணஜன்னி, தொண்டை அடைப்பான் வராமல் இருக்கப் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டிடி ஊசி, இதெல்லாம் ஸ்கூல் வழியாகப் பிள்ளைகளுக்குச் சத்தமில்லாமல் போய்ச் சேருகிறது. வீட்டில் வைத்துக்கொண்டால் இது அத்தனையும் உங்கள் நினைப்பில் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது வந்து கேட்பார்களா என்றால், வருவார்கள். டி.சி. வாங்கிவிட்டு வேறு பள்ளியில் சேரவில்லை என்றால் இடைநின்ற பிள்ளை என்ற கணக்கில் பெயர் வரும், அதை விசாரிக்க ஸ்கூல் டீச்சரோ வார்டு மெம்பரோ வருவது அவர்கள் வேலை. நானே எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவர்கள் தேடி வருவது வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையை, கல்யாணப் பேச்சில் இருக்கும் பெண் பிள்ளையை. கோபப்படாமல் உட்கார வைத்து, நகரிக்காரர் சொன்ன நோட்டைக் காட்டுங்கள், பிள்ளையையும் அவர்களோடு பேச விடுங்கள்.

திரும்பச் சேர்க்க மாட்டார்கள் என்று ஒரு பயம் ஊரில் உண்டு, அது தப்பு. அதே 2009 சட்டம் 4ஆம் பிரிவில், நடுவில் விட்டுப்போன பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு ஈடுகொடுக்கத் தனிப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது. ஆகவே எடுக்கிற முடிவு கல்லில் வெட்டியது இல்லை.

பாஷை பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் 2017இல் வந்த சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளியிலும் மலையாளம் உண்டு. வீட்டில் படித்தாலும் மலையாளத்தை விட்டுவிடாதீர்கள் அம்மா, இந்த மண்ணில் பஞ்சாயத்து ஆபீஸ் முதல் பஸ் போர்டு வரை அதுதான். பாடப்புத்தகம் தயாரிக்கும் அரசு நிறுவனமான கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழ் மீடியம் புத்தகங்களும் போடுகிறது, கணக்கும் சூழலியலும் அதில் இருந்தே தொடங்கலாம். பிள்ளை எந்த பாஷையில் சண்டை போடுகிறதோ அந்த பாஷையில்தான் முதலில் யோசிக்கும்.

ஏலக்காய் வீடு, குமுளி:

அக்கா, நாங்கள் ஒன்றரை வருஷம் செய்துவிட்டு நிறுத்தியவர்கள். அதையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மகனுக்கு எட்டு வயதில் தொடங்கினோம். படிப்பில் குறையே இல்லை, சொல்லப்போனால் ஸ்கூலில் இருந்ததைவிட வேகமாகப் போனான். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, இங்கே விக்டர்ஸ் சேனல் இருக்கிறது, செலவென்று பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. லட்சக்கணக்கில் பணம் வேண்டும் என்பதெல்லாம் வெளிநாட்டு போர்டு எழுத வைக்கிறவர்கள் கதை.

பிரச்சினை வேறு. மற்ற பிள்ளைகளோடு பழக மாட்டான் என்று எல்லோரும் சொன்னபோது எனக்குக் கோபம் வரும். ஸ்கூலில் மட்டும் பழகவா விடுகிறார்கள், பேசினால் எழுப்பி நிறுத்துகிறார்கள், அதுவும் ஒரே வயசுக்காரர்களோடு மட்டும்தானே என்று வாதாடுவேன். மகன் பெரியவர்களிடம் நன்றாகப் பேசினான், கடைக்காரர், டிரைவர், எஸ்டேட் ஆட்கள், எல்லோரிடமும். ஆனால் அவனுக்கு வேண்டியது கால்பந்து. பத்துப் பேர் வேண்டும். எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் குடியிருப்பு வரிசையில், பிள்ளைகள் ஏழரைக்கு வேன் ஏறினால் ஐந்து மணிக்கு வருவார்கள், ஆறு மணிக்கு டியூஷன். நடுவில் ஒரு மணி நேரம், அதுவும் மழைக்காலத்தில் கிடையாது. மகன் மூன்று மணியில் இருந்து பந்தை வைத்துக்கொண்டு கேட் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அந்த ஒரு காட்சிதான் என்னை மாற்றியது. பழகத் தெரியாது என்பது பொய். பழக ஆள் கிடையாது என்பது எங்கள் ஊரில் நிஜம்.

அதனால் சொல்கிறேன், முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் பகல் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் உங்கள் தெருவில் நின்று பாருங்கள் அக்கா, எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று. நூலகமோ, பாட்டு கிளாஸோ, களரியோ, ஏதாவது ஒன்று வாரத்தில் மூன்று நாளாவது அதே முகங்களோடு இருக்க வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்தில் பார்க்கும் பிள்ளைகள் கணக்கில் வராது.

இன்னொன்று, உங்களைப் பற்றி. மூன்று மணி நேரக் கணக்கு வேலை, சமையல், மாமனார் மாமியார், அப்புறம் பிள்ளையின் படிப்பு. எனக்கு மத்தியானம் பாத்ரூம் போகக்கூட நேரம் இருக்காது, அவன் சந்தேகத்தோடு வாசலில் நிற்பான். அண்ணன் வாரத்தில் எத்தனை நாள் வீட்டில் இருக்கிறார்? அவர் ஒரு பாடத்தை, ஒரே ஒரு பாடத்தை, என் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் இதை ஆரம்பிக்காதீர்கள்.

ஐந்தாவதில் திரும்பச் சேர்த்தோம். மாஷ் சொன்னது போல வயதுக்கேற்ற வகுப்பிலேயே எடுத்துக்கொண்டார்கள், ஒரு வருஷமும் போகவில்லை. அந்த ஒன்றரை வருஷத்துக்காக நான் வருத்தப்படவும் இல்லை. அவன் இன்றைக்கும் தானாகப் புத்தகம் எடுத்துப் படிப்பது அப்போது வந்த பழக்கம்.

களியக்காவிளை, வயது 20:

எல்லோரும் அப்பா அம்மா பக்கம் இருந்து எழுதுகிறார்கள். நான் வீட்டில் படித்து வளர்ந்தவன். வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், பாட்டி வீடு பாறசாலையில். ஆறாவதில் இருந்து வீட்டில்தான். பத்தாவதும் பன்னிரண்டாவதும் என்.ஐ.ஓ.எஸ்., இப்போது நாகர்கோவிலில் டிகிரி இரண்டாம் வருஷம்.

காலேஜில் சேர ஒரு சிரமமும் இல்லை. இன்ஜினியரிங்குக்கு ஜே.இ.இ. எழுதலாம், பன்னிரண்டாவதில் ஐந்து பாடம் இருக்க வேண்டும். நீட் எழுத முடியாது என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மருத்துவக் கவுன்சில் விதியில் அந்தத் தடை இருந்தது உண்மை, 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2024இல் முடிந்தது, இப்போது எழுதலாம். ஆனால் மாநில அரசு வேலைக்கு இந்தச் சர்டிபிகேட்டை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அந்தந்த மாநிலத்து அரசாணையைப் பார்த்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கனவு இருந்தால் தமிழ்நாட்டில் தனித்தேர்வராக எட்டாவதும் பத்தாவதும் எழுதும் வழியும் இருக்கிறது.

எனக்குக் கஷ்டமாக இருந்தவை யாரும் எதிர்பார்க்காதவை. மூன்று மணி நேரம் தொடர்ந்து கையால் எழுதியதே இல்லை. முதல் மாதிரித் தேர்வில் ஒன்றரை மணி நேரத்தில் கட்டைவிரல் மரத்துப்போனது, தெரிந்த விடையை எழுதாமல் விட்டேன். ஆறு மாதம் தினமும் நாலு பக்கம் எழுதிப் பழகினேன். உங்கள் மகளுக்கு எழுத்து வேகம் பத்து வயதில் இருந்தே வரட்டும். அப்புறம் ஒப்படைப்புப் பயிற்சி என்று வீட்டில் இருந்து எழுதி அனுப்புவது உண்டு, 20 சதவீதம் அதற்கு, பாஸ் மார்க் 33தானே என்று அதை அலட்சியமாக விட்டால் கடைசியில் அதுதான் காலை வாரும்.

வருத்தம் என்று கேட்டால் ஒன்று இருக்கிறது. நான் நன்றாக ஓடுவேன். பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் பள்ளிப் பெயர் இல்லாமல் சேர முடியாது. பாறசாலையில் என் சித்தப்பா மகள் பள்ளிக் கலோத்சவத்துக்கு மோகினியாட்டம் ஆடப் போகும்போது நான் கூட்டத்தில் நின்று பார்ப்பேன். உங்கள் பிள்ளைக்கு விளையாட்டிலோ ஆட்டத்திலோ அப்படி ஒரு திறமை இருந்தால் இதையும் எடை போடுங்கள் அக்கா.

எனக்கு நல்லது நடந்ததா என்றால், ஆமாம். பதினோரு வயதில் ஒரு முழு மழைக்காலம் ஊர்க் குளத்துத் தவளைகளை மட்டுமே பார்த்து நோட்டில் வரைந்தேன், யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது விலங்கியல் படிக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

மாஷ், நீங்கள் சொன்ன மாதிரி சோறு ஊட்டும்போது வேனைப் பற்றிக் கேட்டேன். மூன்றாவது நாள்தான் சொன்னாள். ஓணத்துக்கு முன்னால் ஒருநாள் வேனில் வாந்தி எடுத்திருக்கிறாள். அதில் இருந்து பெரிய வகுப்புப் பிள்ளைகள் அவளை உட்கார விடுவதில்லை, கதவோரமாக நின்றுகொண்டே வருகிறாள், ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரை மட்டும் என்னிடம் சொல்ல மாட்டேன் என்று விட்டாள். நான் அடுக்களையில் போய் நின்று அழுதேன். மூன்று மாதமாக வயிற்றுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன்.

இப்போது அவள் அப்பா லோடு இல்லாத நாள் பைக்கில் விடுகிறார், மற்ற நாள் நான் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். பத்து நாளில் இரண்டு தடவைதான் வலி என்றாள். கண் காட்டினோம், குறை ஒன்றும் இல்லை.

தீக்குச்சி விளையாட்டில் நாலாவது நாள் கட்டை அவிழ்த்தாள். ஆனால் ஸ்கூலில் மந்தம் என்று சொன்னதை நான் மறக்கவில்லை, நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அந்த 17ஐ யாரும் உட்கார்ந்து பார்க்கப் போவதும் இல்லை. அதனால் வீட்டுக்கல்வி யோசனையை விடவில்லை. டி.சி. இப்போது வாங்கவில்லை. ஏப்ரல் மே லீவில் இரண்டு மாதம் வீட்டில் செய்து பார்க்கிறோம், ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால் முடிவு. கணக்குப் பாடம் அவள் அப்பா எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார், தேங்காய் எண்ணிக்கையில் இருந்து தொடங்குகிறாராம்.

குமுளித் தங்கச்சி, தெருவில் நின்று பார்த்தேன். பத்து மணிக்கு ஒரு பிள்ளையும் இல்லை. மூன்றரைக்கு அங்கன்வாடி விட்டு வரும் இரண்டு வாண்டுகள். இதற்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, லைப்ரரியில் சனிக்கிழமை பாலவேதி என்று பிள்ளைகள் கூட்டம் நடக்கிறதாம், இந்த வாரம் போகிறோம்.

நகரி அண்ணா, அந்த நோட்டை எப்படி எழுதினீர்கள்? பாடவாரியாகவா, தேதிவாரியாகவா? ஒரு பக்கம் காட்ட முடியுமா?

நகரி தறிக்காரர்:

தேதிதான் தங்கச்சி, பாடம் பிரிக்கவே பிரிக்காதீர்கள், பிரித்தால் ஒரு வாரம் அறிவியல் காலியாக இருக்கிறது என்று நமக்கே பதற்றம் வந்துவிடும். முதல் வருஷ நோட்டு பரணில் இருக்கிறது. ராத்திரி தறி நிறுத்தியதும் எடுத்துப் படம் போடுகிறேன். வேனில் நின்றுகொண்டு வந்ததை ஸ்கூலில் போய்ச் சொன்னீர்களா? உங்கள் பிள்ளை இறங்கிவிட்டாலும் அந்தக் கதவோரத்தில் நாளைக்கு இன்னொரு பிள்ளை நிற்கும்.